நூறு கொடுத்தா ஒண்ணு!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ், சிதம்பரத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் போக வர, செல்போனைத் திறந்து ஷேர் நிலவரம் பார்ப்பதற்கென்றே ஒரு கோஷ்டி இருக்கிறது. அதில் ஒரு தம்பி, ஆலப்பாக்கம் தாண்டும்போது கூவியேவிட்டார்:

"சார், ரெண்டு ரூபாய்க்கு வாங்கின ஷேர் இருபது ரூபாய் ஆயிடுச்சு!"

புதுச்சத்திரம் வருவதற்குள் அவர் மனசுக்குள் புல்லட் வாங்கி, சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது. பக்கத்து சீட்டில் ரிடையர்டு பாங்க் பெரியவர். மெதுவாகக் கேட்டார்: "விலை இருக்கட்டும் தம்பி, கையிலே எத்தனை ஷேர் இருக்கு?"

ஆயிரத்து ஐந்து இருந்தது. இப்போது பார்த்தால் நூறு!

கம்பெனி பத்துப் பத்து ஷேராகச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது. சட்டத்தில் இதற்குப் பெயர் கன்சாலிடேஷன். அமெரிக்காவில் ரிவர்ஸ் ஸ்ப்ளிட். பத்து பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டு வாங்குகிற சமாசாரம்தான். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. முன்பு 1,005 ஷேர், தலா 2 ரூபாய், ஆக 2,010. இப்போது நூறு ஷேர், தலா 20 ரூபாய், ஆக 2,000.

மிச்சம் பத்து ரூபாய் எங்கே என்கிறீர்களா? நம்ம கண்டக்டர் டிக்கெட் முதுகில் பாக்கியைக் கிறுக்கித் தருவாரே, அந்தக் கதைதான். ஐந்து ஷேருக்குப் பதிலாக அரை ஷேர் தர முடியாது. இப்படி எல்லாருடைய துண்டு துக்கடாவையும் சேர்த்து சந்தையில் விற்று, அவரவர் பங்கைப் பணமாகப் போடுவதுதான் வழக்கம். கண்டக்டரிடம் மறந்துபோய் இறங்கிவிடுவோம். இதை மறக்காமல் பாங்க் கணக்கில் சரிபாருங்கள். வெறும் ஒன்பது ஷேர் வைத்திருந்தவர் பாடுதான் பாவம். ஒரு ஷேர்கூடக் கிடைக்காது. சில்லறையைக் கையில் கொடுத்து கம்பெனியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

எதற்கு இந்த வேலை? நியூயார்க் சந்தையில் ஒரு ஷேரின் சராசரி விலை முப்பது வர்த்தக நாட்களுக்கு ஒரு டாலருக்குக் கீழே கிடந்தால் நோட்டீஸ் வந்துவிடும். அதற்குப் பயந்து ஒட்டுகிறவர்கள் உண்டு. கௌரவத்துக்காக ஒட்டுகிறவர்களும் உண்டு. 2011 மே மாதம் சிட்டி குரூப் பத்தை ஒன்றாக்கியது. சுமார் 2,900 கோடி ஷேர் 290 கோடி ஆனது. நாலரை டாலர் ஷேர் நாற்பத்து நாலு டாலராக நிமிர்ந்து நின்றது. பாங்க் என்னவோ அதே பாங்க்தான்.

நம் நாட்டில் இப்படி ஒரு டாலர் கெடு கிடையாது. இங்கே ஒட்டுவேலை பெரும்பாலும் கம்பெனி படுத்த பிறகுதான் வரும். அங்கேதான் சூட்சுமம்.

ருச்சி சோயா கதையைக் கேளுங்கள். திவால் வழக்கில் சிக்கிய கம்பெனி. 2019-ல் பதஞ்சலி கோஷ்டி எடுத்துக்கொண்டது. பழைய பங்குதாரருக்கு நூறு ஷேருக்கு ஒன்று. வெறும் ஒட்டுவேலை என்றால், 2 ரூபாய் முக மதிப்புள்ள நூறு ஷேர் சேர்ந்து 200 ரூபாய் முக மதிப்புள்ள ஒரு ஷேர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வந்த ஒரு ஷேரின் முக மதிப்பும் அதே 2 ரூபாய்! ஒட்டும்போதே 99 பங்கைக் கத்தரித்தாகிவிட்டது. கூடவே புது முதலாளிக்குப் புது ஷேர்கள். கடைசியில் பொதுமக்கள் கையில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

2020 ஜனவரியில் மறுபடி வியாபாரம் தொடங்கியபோது விலை சுமார் 17 ரூபாய். மூன்று ரூபாய்ச் சொச்சத்தில் ஆயிரம் ஷேர் வைத்திருந்தவரிடம் இப்போது பத்து ஷேர், மதிப்பு 170 ரூபாய். ஜூன் மாதத்துக்குள் அது 1,500-ஐத் தாண்டி ஓடியது வேறு கதை. சந்தையில் புழங்கியதே ஒரு கைப்பிடி ஷேர். 2022 மார்ச்சில் கம்பெனியே 650 ரூபாய்க்குப் புது ஷேர் விற்றது. இந்தக் கூத்துக்குப் பிறகு, இப்படித் திரும்பி வரும் கம்பெனிகளில் குறைந்தது 5 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2021-ல் விதி வந்தது.

பத்து ஷேராவது மிஞ்சியதே என்பார்கள் கடலூர்க்காரர்கள். அவர்கள் பார்த்தது வேறு. நாகார்ஜுனா சுத்திகரிப்பு ஆலை வருகிறது, வேலை வருகிறது என்று காத்திருந்த ஊர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. கட்டிக்கொண்டிருந்த ஆலை படுத்தது. 2018-ல் கம்பெனியைக் கலைத்து விற்க உத்தரவு. கலைப்பில் கடன் கொடுத்தவர்கள் முன்வரிசை; பங்குதாரர் கடைசி பெஞ்சு. பந்தி முடிந்து இலையெடுத்த பிறகுதான் அவர் முறை.

சாதாரண ஒட்டுவேலைக்கு பங்குதாரர் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். யாருடைய ஓட்டுச் சதவீதமாவது மாறுவதாக இருந்தால் கம்பெனி தீர்ப்பாயத்தின் சம்மதமும் வேண்டும். திவால் திட்டத்தில் உங்கள் ஓட்டு கிடையாது. கடன்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள், தீர்ப்பாயம் முத்திரை குத்தும். அதனால் இ-மெயிலில் நோட்டீஸ் வந்தால், எத்தனைக்கு எத்தனை என்பதோடு நிறுத்தாமல் பழைய முக மதிப்பு என்ன, புதியது என்ன, யாருக்காவது புது ஷேர் தருகிறார்களா என்று பாருங்கள். நடுவில் சில நாள் டிமேட் கணக்கில் ஷேரே காணாமல் போகலாம். பதறி எழுந்து பஸ் கம்பியில் இடித்துக்கொள்ளாதீர்கள். புது எண்ணில் வந்து சேரும்.