பிளானிங் வேலைக்கு எது படிப்பு? தோஹாவிலிருந்து ஊருக்கு ஒரு திறந்த மடல்



"தம்பி சிவில் முடிச்சிட்டான். பிளானிங் கோர்ஸ் படிச்சா கத்தார்ல வேலை கிடைக்குமா?" வளைகுடாவில் கட்டுமானத் துறையில் இருக்கிற எந்தத் தமிழரின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இந்தக் கேள்வி கிடக்கும். காரைக்குடியிலிருந்து வரும், பட்டுக்கோட்டையிலிருந்து வரும், திருநெல்வேலியிலிருந்தும் வரும். கூடவே ஒரு விளம்பரப் படம்: நாற்பது மணி நேரத்தில் பிரைமவேரா, நூறு சதவீதம் வேலை உறுதி. தோஹாவில் புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ், அதாவது திட்டத்தின் நாளையும் செலவையும் கண்காணிக்கிற வேலையில் பல காலமாக இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருவர், ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், ஊருக்கே மொத்தமாக எழுதும் மடல் இது.

முதலில் அந்த விளம்பரம். பிரைமவேரா ஷெட்யூல் போடுகிற ஒரு மென்பொருள், அவ்வளவுதான். 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்தது; 2008இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்பதைக் கொஞ்சம் கெட்டிக்காரப் பையன் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வான். பொத்தானுக்குப் பின்னால் இருக்கிற சைட்டைத்தான் அந்த வகுப்பில் யாரும் காட்டுவதில்லை.

புதிதாக வந்தவர் ஷெட்யூலில் "மூன்றாம் மாடி ஸ்லாப், 12 நாள்" என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போவார். ஃபோர்மேன் அதைப் பார்த்துச் சிரிப்பார். அந்த ஒரு வரிக்குள் சென்ட்ரிங் அடிக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், எலக்ட்ரிக்கல்காரர் பைப் ஓட்ட வேண்டும், பிளம்பர் ஸ்லீவ் வைக்க வேண்டும், கன்சல்டன்டின் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கான்கிரீட் பம்ப். அந்தக் கையெழுத்து இரண்டு நாள் தள்ளிப்போனால் பம்ப்காரர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். இதற்கு மேல் வெயில் வேறு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். மூன்றரை மாதம் வேலை நேரமே மாறிப்போகும். கான்கிரீட்டெல்லாம் பெரும்பாலும் ராத்திரியில்தான். மென்பொருளின் காலண்டரில் இதைப் பதியாமல் போட்ட ஷெட்யூல் பார்க்க அழகாக இருக்கும். ஜூன் இரண்டாவது வாரத்தில் செத்துப்போகும்.

அடுத்தது பணம். ஒரு கோடி ரூபாய் வேலை ஒன்று. இந்த மாதக் கடைசிக்குள் 60 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 45 லட்சத்துக்கானது. கையை விட்டுப் போனது 55 லட்சம். கணக்குப் பிரிவைக் கேட்டால், "60க்கு 55தானே, 5 லட்சம் மிச்சம்" என்பார்கள். கன்ட்ரோல்ஸ்காரர் பார்வை வேறு: 45 லட்ச வேலைக்கு 55 லட்சம் போயிருக்கிறது, இந்தப் போக்கில் போனால் ஒரு கோடி வேலை கிட்டத்தட்ட 1 கோடியே 22 லட்சத்தில் போய் நிற்கும். ஏர்ன்ட் வேல்யூ என்கிற இந்தக் கணக்கை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இலேயே தன் பெரிய கான்ட்ராக்டர்களுக்கு விதியாக்கிவிட்டது. கணக்கில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய எதுவும் இதில் இல்லை. அதை மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்துக்கு லண்டன் நல்ல சாட்சி. எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்தது. சுரங்கம் தோண்டும் வேலை 2015இலேயே முடிந்துவிட்டது. ஸ்டேஷன் வேலையும் ரயில், சிக்னல் மென்பொருள்களைப் பொருத்திச் சோதிக்கிற வேலையும்தான் இழுத்தன. தாமதம் என்று வெளியே சொன்னது 2018 ஆகஸ்ட் கடைசி நாளில், திறப்புக்கு நாலே மாதம் இருக்கும்போது. மத்திய லண்டனில் ரயில் ஓடியது 2022 மே 24இல். நடக்காத தேதியை நிர்வாகம் கடைசிவரை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் சாடியது. அவ்வளவு பெரிய திட்டத்தில் பிளானருக்கோ மென்பொருளுக்கோ பஞ்சம் இருந்திருக்க முடியாது. (தேதி முன்னால் வருகிற அதிசயமும் உண்டு. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை நவம்பர் 21இலிருந்து 20க்கு மாற்றினார்கள், அதுவும் அந்த வருட ஆகஸ்டில். கத்தாரில் பிளானிங் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நாளின் விலை தெரியும்.)

சரி, சான்றிதழே வேண்டாமா என்றால், வேண்டும். எது, எப்போது என்பதுதான் கேள்வி. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் பிஎம்பி. 1969இல் தொடங்கிய பிஎம்ஐ தருகிற அந்தச் சான்று திட்ட மேலாளருக்கானது. பட்டதாரி என்றால் மூன்று வருடம், பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ என்றால் ஐந்து வருடம் திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்பார்கள். கல்லூரி முடித்த கையோடு "பிஎம்பி போடலாமா" என்று கேட்கிற பிள்ளைகள் இந்த ஒரு வரியைப் படித்தாலே பயிற்சிக் கட்டணம் மிச்சம். ஷெட்யூல் வேலைக்கென்றே அவர்களிடம் பிஎம்ஐ-எஸ்பி என்று தனியாக ஒன்று உண்டு.

புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் துறைக்கே உரிய அமைப்பு ஏஏசிஇ. அமெரிக்கச் செலவுப் பொறியாளர்கள் 1956இல் தொடங்கியது. இதன் பிஎஸ்பி ஷெட்யூல்காரருக்கு, சிசிபி செலவைப் பார்க்கிறவருக்கு. இரண்டுக்கும் எட்டு வருட அனுபவம் வேண்டும். துறை சார்ந்த பட்டம் இருந்தால் அதில் நாலு வருடம் கழியும். புதிதாகப் படித்து முடித்தவருக்குச் சிஎஸ்டி என்ற முதல் படி இருக்கிறது. நாலு வருடப் பட்டம் இருந்தாலே எழுதலாம். இப்படி ஒன்று இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பெரிய தேர்வுகளில் நம் பிள்ளைகள் திணறுகிற இடம் கணக்கு அல்ல. சிக்கல் ஒன்றைக் கொடுத்து, மேலதிகாரிக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்வார்கள். என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யலாம் என்று சொந்த ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கேள்வி-பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்து வந்தவர் அங்கே உட்கார்ந்துவிடுவார்.

எழுத்துக்கு இந்தத் தொழிலில் இவ்வளவு மரியாதை ஏன் என்றால், பணம் அதில் இருக்கிறது. வளைகுடாவில் நிறைய ஒப்பந்தங்கள் ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்த விதிகளை ஒட்டியவை. அதன்படி கூடுதல் நாளோ பணமோ கேட்கிற கான்ட்ராக்டர், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். 29ஆம் நாள் கொடுத்தால் நியாயம் இவர் பக்கம் இருந்தாலும் உரிமை போய்விடலாம். டிராயிங் எந்தத் தேதியில் வந்தது, அன்றைக்கு சைட்டில் எத்தனை பேர், கிரேன் ஏன் நின்றது: டெய்லி ரிப்போர்ட்டில் எழுதிய இந்த அற்ப விவரங்களை வைத்துத்தான் பிறகு ஆர்பிட்ரேஷனில் கோடிகள் கைமாறும். இந்தத் தொழிலில் மேலே போகிறவர்களில் பலர் போய்ச் சேர்கிற இடம் இதுதான், தாமத ஆய்வு. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தாமத நெறிமுறை அந்த உலகில் எல்லார் மேசையிலும் இருக்கும். இலவசமாகவே படிக்கலாம்.

செலவுப் பக்கத்தில் இலங்கைக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் குவான்டிட்டி சர்வேயிங், அதாவது கட்டுமான அளவும் செலவும் கணக்கிடுகிற தொழில், தனிப் பட்டப் படிப்பு. அங்கிருந்து வருகிற பிள்ளைகள், தமிழரும் சிங்களவரும், வளைகுடா அலுவலகங்களில் நிறைந்திருக்கிறார்கள். பலர் லண்டனில் இருக்கிற சர்வேயர்கள் அமைப்பான ஆர்ஐசிஎஸ்ஸின் உறுப்பினராகிவிடுகிறார்கள். நம் சிவில் படிப்பில் அது பெரும்பாலும் எஸ்டிமேஷன் என்ற ஒரு பாடத்தோடு முடிந்துபோகிறது.

கடைசியாக, பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. குவைத்தில் 2018இல் இஞ்சினியர்களின் இருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அங்குள்ள இஞ்சினியர்கள் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அந்தச் சங்கமோ, இந்தியப் பட்டம் என்றால் என்பிஏ என்கிற இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்றது. பல வருடம் அங்கேயே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான இந்திய இஞ்சினியர்கள் ஒரே நாளில் கதிகலங்கிப் போனார்கள். வேறு பதவிப் பெயருக்கு மாறித் தொடர்ந்தவர்களும் உண்டு. எத்தனை பிஎஸ்பி வைத்திருந்தாலும் அங்கே செல்லாது, ஏனென்றால் கேட்டது பட்டத்தை. சவுதியிலும் இஞ்சினியராக வேலை செய்ய அந்நாட்டு இஞ்சினியர்கள் கவுன்சிலில் பதிந்தாக வேண்டும். முதலில் புரட்டிப் பார்ப்பது பட்டத்தைத்தான்.

என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பது அல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் தருகிறார்கள். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. வாசலில் தொங்குகிற பேனரை நம்பாமல், கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை கொடுப்பதற்கு முன் அந்தப் படிப்பின் பெயரும் வருடமும் என்பிஏ பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊர்ச் சங்கம் வருடா வருடம் கொடுக்கிற கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திலும் இதற்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். படித்து முடித்து, இரண்டு வருடம் ஏதாவதொரு சைட்டில் வெயிலில் நின்றுவிட்டு வருகிற பிள்ளைக்குச் சிஎஸ்டி தேர்வுக் கட்டணத்தை தோஹாவில் இருக்கிற நம் ஆட்கள் பங்கு போட்டுக் கட்டுவதாகப் பேசியிருக்கிறார்கள். பிரைமவேரா வகுப்புக்குப் பணம் கேட்டு மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை இங்கே வந்தபின் அறைத் தோழரே சொல்லிக்கொடுப்பார்.