பழம் புத்தகங்களால் வாழும் ஊர்

உல்லாசப் பிரயாணிகள் எவற்றை நாடிச் செல்கின்றனர்? கடற்கரை, மலை, கோயில், கோட்டை என்று நாம் உடனே விடை கூறுவோம். பிறர் படித்துக் கழித்த பழம் புத்தகங்களுக்காகவும் மக்கள் கடல் கடந்து வருவார்கள் என்றால் நம்புவோமா? அவ்வாறு வருகின்ற ஊர் ஒன்று உண்டு.

வேல்ஸ் நாட்டில், இங்கிலாந்தின் எல்லையோரமாக, வை நதிக்கரையிலுள்ள ஹே என்னும் சிற்றூரே அது. அங்கு வாழ்வோர் 2,000 பேர்கூட இல்லை. சுற்றுக் கிராமங்களுக்குச் சந்தையாக விளங்கிய அவ்வூர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தளர்வுற்றது. 1962ஆம் ஆண்டின் இறுதியிற் பிரயாணிகள் புகைவண்டியும் நின்றுபோயிற்று.

அதே ஆண்டில், றிச்சட் பூத் என்னும் ஒக்ஸ்போட் பட்டதாரி அங்கே பழைய தீயணைப்பு நிலையத்திற் பழம் புத்தகக் கடையொன்றைத் திறந்தார். அமெரிக்காவில் மூடப்பட்ட நூல்நிலையங்களின் புத்தகங்களை வாங்கிக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். சினிமாக் கொட்டகையும் புத்தகசாலையாயிற்று. பிறரும் கடை வைத்தனர். போட்டியால் வியாபாரம் கெடவில்லை, வளர்ந்தது. ஒரு கடையிற் கிடையாத நூலை அடுத்த கடையிலே தேடலாமன்றோ? தேடி வந்தவன் உண்ணவும் உறங்கவும் வேண்டும். அதனால் விடுதிகளும் உணவுச்சாலைகளும் பிழைத்தன.

1977ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி, ஹே தனி இராச்சியமென்றும், தாமே அரசரென்றும், தமது குதிரையே பிரதம மந்திரியென்றும் பூத் பிரகடனஞ் செய்தார்! முட்டாள்கள் தினத்து விகடந்தான். ஆனால் பத்திரிகைகள் யாவும் ஊரின் பெயரைப் பரப்பின. 1988இல் இலக்கிய விழாவும் தொடங்கிற்று. கோட்டை வளவில் ஆளில்லாக் கடையொன்றுண்டு. புத்தகத்தை எடுத்துப் பணத்தைப் பெட்டியில் இட்டுச் செல்லவேண்டியதுதான்.

பூத் 2019இற் காலமானார். அவர் காட்டிய வழியில் பெல்ஜியத்து றெடு 1984இலும், ஸ்கொத்லாந்தின் விக்ரவுண் 1998இலும் புத்தக ஊர்களாயின.

விகடம் ஒருவனை ஒருமுறைதான் அழைத்துவரும். மறுமுறையும் அவனை வரச்செய்வது அலமாரியில் உள்ள சரக்கே. நலிந்த ஊர் மீள்வதற்குப் பொன்விளையும் பூமி வேண்டியதில்லை. பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதன் பெறுமதியை அறிந்த ஒருவரும், அவரோடு சேர்ந்துழைக்க அயலவரும் இருந்தாற் போதும். வீட்டு மூலையிற் கறையானுக்கு இரையாகும் புத்தகக் கட்டை இன்றே ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்போமா?