சிரிப்பில் காணாமற்போன முதலாளி

போன மாதம் மகளோடு இருந்து ‘ஷாங்காய் நூன்’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். 2000ஆம் ஆண்டு வெளிவந்தபோது விழுந்து விழுந்து சிரித்த படம். ஜாக்கி சானின் பாத்திரத்துக்குப் பெயர் சொன் வாங். காதில் ஜோன் வெய்ன் என்று விழும். இந்த முறையும் சிரித்தேன். படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த ரயில்பாதை ஆருடையது?” என்னிடம் பதில் இருந்தது. படத்திடம் இல்லை.

கதை 1881இல் நடக்கிறது. கடத்தப்பட்ட சீன இளவரசியை மீட்க அரண்மனைக் காவலன் நெவாடாவுக்கு வருகிறான். அங்கே சீனத் தொழிலாளர் ரயில்பாதை போடுகிறார்கள். அவர்களை அடித்து வேலை வாங்குபவன் லோ ஃபோங் என்ற இன்னொரு சீனன். கொடுமை முழுவதும் அவன் தலையில். கம்பனிக்கு முகமே இல்லை.

நடந்ததோ வேறு. சென்ட்ரல் பசிபிக் பாதையை அமைத்தவர்களில் பெரும்பான்மையோர் சீனர். 1867 ஜூனில் வெள்ளையருக்குச் சமமான கூலியும் குறைந்த வேலைநேரமும் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கம்பனி அவர்களுடைய உணவை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பசி வென்றது. அந்தக் கம்பனியின் சார்ள்ஸ் குரொக்கர் சீனர் அல்லர். கதை நடக்கும் காலத்துக்கு அடுத்த ஆண்டே, 1882இல், சீனத் தொழிலாளர் உள்ளே வரத் தடைச்சட்டம் போட்டார்கள். சீனருக்குக் குடியுரிமை கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதினார்கள். 1943 வரை அது நீடித்தது. படமோ நாயகனை ஷெரீஃப் ஆக்கி முடிகிறது.

“பகிடிப் படத்தில் சரித்திரம் தேடலாமோ?” என்பார்கள். தேடலாம். அதே ஜாக்கி சான் 1994இல் ஹொங்கொங்கில் நடித்த ‘டிரங்கன் மாஸ்டர் 2’இல், பிரித்தானியத் தூதர் சீனாவின் தொல்பொருட்களைக் கடத்துகிறார். உருக்காலைத் தொழிலாளரை வதைப்பவர்கள் அவருடைய ஆட்கள். அடிக்கிறவன் சீனன்தான், ஆனால் எசமான் யாரென்று படம் ஒளிக்கவில்லை. அங்கேயும் வயிறு நோகச் சிரித்தோம். ஆகவே பகிடியைச் சாக்குச் சொல்ல வேண்டாம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷாங்காய் நூன்’ இளவரசி அரண்மனைக்குத் திரும்ப மறுத்துத் தொழிலாளரோடு நிற்கிறாள். ஹொலிவூட் வெஸ்டர்னில் ஓர் ஆசியர் நாயகன். சின்ன விஷயமல்ல. ஆனால் திரையில் எங்களைப் போன்ற ஒரு முகம் தெரிந்தவுடன் கைதட்டிப் பழகிவிட்டோம். அந்த முகத்துக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

இது எங்களுக்குப் புதிய தந்திரமும் அல்ல. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத்துக் கொடுமை என்றால் கங்காணியின் பெயர்தான் முதலில் வாயில் வரும். கங்காணி அடித்தது உண்மை. அவனை வேலைக்கு வைத்த துரையும், லண்டனில் இருந்து இலாபம் எண்ணிய கம்பனியும் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

நாளைக்கு எங்கள் பிள்ளைகள் படம் எடுப்பார்கள். தோட்டத்தைப் பற்றியும் எடுக்கட்டும்; அடிதடியும் பகிடியுமாகவே எடுக்கட்டும். கங்காணிக்கு உதை விழட்டும். அதோடு கமராவை நிறுத்திவிடாமல் துரையின் பங்களா வாசல்வரை கொண்டுபோகட்டும்.