ரன்னிங் ரூமில் யாரும் ஓடுவதில்லை!

ஈரோடு, ஜோலார்பேட்டை போன்ற பெரிய ரயில் சந்திப்புகளில் 'ரன்னிங் ரூம்' என்று ஒரு கட்டடம் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு, ஓட்டப் பயிற்சி நடக்கும் இடம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கே யாரும் ஓடுவதில்லை, தூங்குகிறார்கள்! இரவெல்லாம் ரயில் ஓட்டிக் களைத்து வந்த லோகோ பைலட் குளித்து, சாப்பிட்டு, அடுத்த வண்டிக்கு அழைப்பு வரும்வரை கண்ணயரும் இடம் அது.

பிறகு ஏன் அந்தப் பெயர்? வண்டியோடு கூடவே போகிற ஊழியர்களை ரயில்வே 'ரன்னிங் ஸ்டாஃப்' என்கிறது. அவர்கள் தங்கும் இடம் ரன்னிங் ரூம். அவர்கள் வேலை பார்த்த தூரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படும் படி, ரன்னிங் அலவன்ஸ்.

ரன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. எல்.கே.ஜி. குழந்தைகூட 'ஓடு' என்று அர்த்தம் சொல்லிவிடும். ஆனால், அகராதி தொகுப்பவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஒன்பது மாத வேலை

ஆங்கில அகராதிகளில் பெரிய அண்ணன், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. ஜேம்ஸ் முர்ரே 1879-ல் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பல ஊர்களிலிருந்து ஆர்வலர்கள் தாங்கள் படித்த புத்தகங்களில் ஒரு சொல் எப்படி வந்திருக்கிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளை வகை பிரித்து அர்த்தம் எழுதுவது முர்ரே குழுவின் வேலை. முதல் பகுதி 1884-ல் வெளிவந்தது. கடைசிப் பகுதி வந்தபோது ஆண்டு 1928. முர்ரே அதைப் பார்க்கவில்லை. 1915-லேயே காலமாகிவிட்டார்.

1989-ல் அகராதியின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அதிக இடம் பிடித்த சொல் 'செட்'. வினைச்சொல்லாக மட்டும் அதற்குச் சுமார் 430 அர்த்தங்கள். அவற்றை விளக்க 60,000 சொற்கள் தேவைப்பட்டன. ஒரு சொல்லுக்கு ஒரு நாவல் அளவு விளக்கம்!

பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை தொடங்கியது. 2000-ல் 'மேக்' முந்தியது. 2007-ல் 'புட்' முந்தியது. 2011-ல் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு முன்னால் வந்து நின்றது 'ரன்'. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்கள். இந்த ஒரு சொல்லை ஆராய்ந்து முடிக்க, அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

ஒரு சின்னச் சொல் எப்படி இவ்வளவு பெருத்தது? முக்கியக் காரணம் இயந்திரங்கள். மனிதனும் குதிரையும் ஆறும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 'ரன்' அளவோடு இருந்தது. பிறகு ரயில் வந்தது, ஆலை வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்றும் 'ரன்' ஆகத் தொடங்கியது. இன்று மேஜைமேல் அசையாமல் கிடக்கும் செல்போனுக்குள்ளும் ஏழெட்டு ஆப்கள் 'ரன்' ஆகிக்கொண்டிருக்கின்றன.

தமிழ் 'ஓடு' மட்டும் சும்மாவா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'ரன்' போலவே 'ஓடு'ம் பல வேலை பார்க்கிற சொல். ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. வருஷம் ஓடிவிட்டது. மனசுக்குள் ஏதோ ஓடுகிறது. வீட்டை விட்டு ஓடிப்போனார்கள். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போடலாம்.

இன்னும் நெருக்கமான ஒற்றுமைகளும் உண்டு. தேரைத் திருவிழாவுக்கு முன்னால் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். ஆங்கிலத்தில் 'ட்ரையல் ரன்'. கடிதத்தின் மேல் பார்வையை ஓட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே 'ரன்'தான். துணியில் நீளமாக ஊசியை விட்டு வாங்கிப் போடும் சாதாரண ஓட்டுத்தையல், டெய்லரிங் வகுப்பில் 'ரன்னிங் ஸ்டிட்ச்'. இலங்கைத் தமிழில் பேதியை 'வயிற்றோட்டம்' என்பார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்குப் பெயர் 'தி ரன்ஸ்'! இரண்டு மொழிக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கிறது.

இலங்கைத் தமிழ் ஊடகங்கள் கிரிக்கெட் ரன்னையும் 'ஓட்டம்' என்றே சொல்கின்றன. தமிழ்நாட்டில் 'ரன்' என்றே நிலைத்துவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை. பந்து பவுண்டரிக்குப் போனால் நான்கு ரன். அந்த நான்குக்கு யாரும் ஓடியிருக்க வேண்டியதில்லை!

வழுக்கும் இடங்கள்

எல்லா ரன்னும் ஓட்டம்தான் என்று தைரியமாகக் காலை வைத்தால் வழுக்கிவிடும்.

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார். இதை 'பள்ளியை ஓட்டுகிறார்' என்று தமிழில் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். 'எப்படியோ குடும்பத்தை ஓட்டுறேன்', 'கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்' என்று சொல்லும்போது அதில் ஒரு களைப்பு இருக்கிறது. மாதக் கடைசியின் கவலை இருக்கிறது. ஆங்கில 'ரன்'னில் அந்தக் கவலை கிடையாது. பெரிய மருத்துவமனையை நிர்வகிப்பவரும் 'ரன்' செய்கிறார், பெட்டிக்கடைக்காரரும் 'ரன்' செய்கிறார்.

தேர்தல் விஷயத்தில் அமெரிக்காவும் பிரிட்டனுமே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்வார், அதாவது ஓடுவார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்வார், அதாவது நிற்பார். தமிழ் வாக்காளருக்கு இதில் பிரிட்டன் வழிதான் பழக்கம். 'இந்தத் தடவை யார் நிக்கிறா?' என்றுதான் கேட்பார்கள்.

அதிகம் வழுக்குவது, 'ரன்'னோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்களில்தான். 'ரன் அப் எ பில்' என்றால் பில் எகிறும்படி செலவு செய்வது. பேட்டரி 'ரன் டவுன்' ஆனால் சார்ஜ் இறங்கிவிட்டது. 'ரன் இன்டு எ ஃப்ரெண்ட்' என்றால் நண்பரை எதிர்பாராமல் சந்திப்பது. அதே 'ரன் இன்டு'வுக்குப் பக்கத்தில் மரம் வந்தால், வண்டி மரத்தில் மோதிவிட்டது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி யார் மேலோ ஏறிவிட்டது. கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' ஆட்டக்காரரை வெளியே அனுப்பும். அடுப்படியில் பால் 'ரன் அவுட்' ஆனால், பால் தீர்ந்துபோய்விட்டது.

ஒரே ஒரு குட்டிச் சொல் எவ்வளவு தூரம் புரட்டிப்போடும் என்பதற்கு வங்கியே சாட்சி. 'தி பேங்க் இஸ் ரன்னிங் வெல்' என்றால் வங்கி நன்றாக நடக்கிறது. 'தேர் இஸ் எ ரன் ஆன் தி பேங்க்' என்றால் வங்கிக்கு ஆபத்து! வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதற்குப் பெயர் 'பேங்க் ரன்'. எந்த வங்கியும் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. அதில் பெரும்பகுதி கடனாகவும் முதலீடாகவும் வெளியே இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால் பெரிய வங்கியும் ஆட்டம் கண்டுவிடும்.

முன்பெல்லாம் இதற்கு மக்கள் நிஜமாகவே வங்கி வாசலுக்கு ஓடினார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க முனைந்தார்கள். அவர்களில் பலர் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் விரலால் தட்டினார்கள். மறுநாளே வங்கியை அதிகாரிகள் மூடிவிட்டார்கள். காலால் ஓடிய காலம் போய் விரலால் ஓடும் காலம் வந்தும், பெயர் மட்டும் 'ரன்'னாகவே இருக்கிறது.

டாக்டர் முன்னால் நான்கு ரன்

வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் ஓர் அப்பாவைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு நாளாக உடம்பு சரியில்லை. மகள் ஆபீஸ் போய்விட்டதால் தனியாகவே டாக்டரிடம் போகிறார். ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவர்தான். ஆனாலும் எதிரே வெள்ளைக்கோட்டைக் கண்டதும் கொஞ்சம் பதற்றம்.

டாக்டர் வரிசையாகச் சொல்கிறார். 'ஆர் யூ ரன்னிங் எ டெம்பரேச்சர்?' காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார். 'டஸ் டயபிடீஸ் ரன் இன் தி ஃபேமிலி?' குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்கிறார். 'லெட் மீ ரன் சம் டெஸ்ட்ஸ்.' சில பரிசோதனைகள் செய்து பார்க்கலாம் என்கிறார். 'டோன்ட் ரன் அவுட் ஆஃப் யுவர் டேப்லெட்ஸ்.' மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

நான்கு வாக்கியம், நான்கு ரன். ஒன்றில்கூட யாரும் ஓடவில்லை. அப்பா பாவம், 'நோ டாக்டர், நோ ரன்னிங். ஒன்லி வாக்கிங்' என்று சொல்லிவிட்டால்? கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவருடைய அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை இருந்த விஷயம் டாக்டரின் குறிப்பில் ஏறாமலே போய்விடும். மாத்திரை தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்பதும் தெரியாமல் போய்விடும்.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். புரிந்ததுபோலத் தலையாட்டிவிடுவது. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கடினமான சொல்லாக இருந்தால் அர்த்தம் கேட்பதற்குக் கூச்சம் வராது. 'ரன்' மாதிரி எல்.கே.ஜி. சொல்லுக்குப் போய் எப்படி அர்த்தம் கேட்பது என்றுதான் வாய் அடைத்துப்போகிறது.

உண்மையில், கேட்க வேண்டியதே இந்தச் சின்னச் சொற்களைத்தான். நீளமான மருத்துவப் பெயருக்குப் பெரும்பாலும் ஓர் அர்த்தம்தான் இருக்கும். 'ரன்', 'செட்', 'புட்', 'டேக்' இவற்றுக்குத்தான் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வது நடக்கிற காரியம் இல்லை. வேண்டியதும் இல்லை. சொல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்கு ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் போதும்: 'ப்ளீஸ் சே இட் இன் அனதர் வே.' கொஞ்சம் வேறு விதமாகச் சொல்லுங்கள்.

அகராதி தொகுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இந்த மூன்றெழுத்தோடு மல்லுக்கட்ட ஒன்பது மாதம் தேவைப்பட்டிருக்கிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அப்பா, தாராளமாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் நான்கு

ரன் அன் எர்ரண்ட்: கடைக்குப் போவது, பார்சல் கொடுப்பது போன்ற சில்லறை வேலைக்காக வெளியே போய்வருவது.

ரன்-ஆஃப்-தி-மில்: விசேஷம் எதுவும் இல்லாத, வழக்கமான.

ரன்னர்-அப்: போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர்.

இன் தி லாங் ரன்: உடனே இல்லாவிட்டாலும், நாளாவட்டத்தில்.