‘சும்மா’ பின்னிய போர்வை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

‘சும்மா’ என்பது நம் மொழியில் மிகச் சாதாரணமான சொல். ஆனால் ஒருவருடைய பல நாள் உழைப்பை ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்தச் சொல்லின்மேல்தான் எனக்கு வழக்கு. அந்த வழக்கில் முதல் குற்றவாளியும் நானே என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாளில் தாய்மாமன் சீர் வைக்க வேண்டியவன் நான். வெள்ளிக் கொலுசுக்கும் அரைஞாணுக்கும் கல்லூரி மாணவன் கையில் ஏது பணம்? அப்பா அவ்வை சண்முகம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறார். கோபாலபுரத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை கொடுத்து, இரு பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பத்தில் மிச்சம் என்று எதுவும் இருப்பதில்லை. அம்மா யோசித்தார். “நீ கவலப்படாதடா, நான் ஒரு போர்வை போட்டுத் தரேன். அதையே உன் சீரா வை” என்றார்.

அந்தப் போர்வை ‘ஹேர்பின் லேஸ்’ எனும் குரோஷே வகையைச் சேர்ந்தது. கொண்டை ஊசிப் பின்னல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முன்னாளில் மேனாட்டுப் பெண்கள் கூந்தலில் செருகும் கொண்டை ஊசியிலேயே இதைப் போட்டதால் இந்தப் பெயர். நம் ‘ப’ எழுத்தைப் போல் வளைத்த கம்பி ஒன்று வேண்டும். அப்பா அதை மெக்கானிக் கடையில் மூன்று அங்குல இடைவெளியில் வளைத்துக் கொண்டுவந்தார். கம்பியின் ஒரு காலில் நூலைச் சுற்றி, நடுவில் குரோஷே ஊசியால் ஒரு கண்ணி போட்டு, கம்பியைத் திருப்ப வேண்டும். திருப்புந்தோறும் ஒரு வளையம் விழும். நடுவில் முதுகெலும்பு, இருபுறமும் விலா எலும்புகள் என்பது போல் ஒரு பட்டை நீண்டுகொண்டே போகும். பிறகு இரு பட்டைகளை அருகருகே வைத்து, ஒன்றின் வளையத்துக்குள் மற்றதன் வளையத்தை மாறி மாறி இழுத்தால், சடை பின்னியது போல் அவை இணைந்துவிடும். சென்னை வெயிலுக்கு எதற்குப் போர்வை என்று கேட்பீர்கள். பருத்தி நூலில் பின்னிய இந்தப் போர்வையில் காற்று புகுந்து வரும், குழந்தைக்கு வேர்க்காது.

விழா நாளும் வந்தது. மொய் நோட்டு எழுத உறவினர் ஒருவர் உட்கார்ந்தார். கொலுசுக்கு ஒரு தொகை, மோதிரத்துக்கு ஒரு தொகை, கவருக்கு ஒரு தொகை. என் முறை வந்ததும் ‘தாய்மாமன் – போர்வை 1’ என்று எழுதிவிட்டு, “தொகை என்ன போட?” என்றார். பக்கத்திலிருந்த பெரியவர் முந்திக்கொண்டார்: “சும்மா வீட்ல போட்டதுதானே! கோடு போட்டு வைப்பா.” தொகைக்கான இடத்தில் ஒரு சிறு கோடு விழுந்தது. என் அம்மா பின்னிய போர்வை என் பெயரில் ஏறியது. அவருடைய உழைப்பு ஒரு கோடாகச் சுருங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணிதம் படிப்பவனுக்கு மன ஆறுதல் கணக்கில்தான் கிடைக்கும். அம்மா மறுபடி ஊசி பிடித்தபோது கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ 12 வினாடி. ஒரு பட்டைக்குப் பக்கத்துக்கு 180 வீதம் 360 வளையம். 15 பட்டைக்கு 5,400 வளையம். ஆக 64,800 வினாடி, அதாவது 18 மணி நேரம். பட்டைகளுக்கு இடையே 14 இணைப்பு. ஒன்றுக்கு முக்கால் மணியாக 10½ மணி. சுற்றிலும் கரை போட 8 மணி. கணக்குப் பிசகிப் பிரித்து மறுபடி போட்ட பட்டைகள் இரண்டு. அதற்கு இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் ஏறத்தாழ 39 மணி நேரம். சமையல் முடித்து, பாத்திரம் தேய்த்து, ஒன்பதரைக்குமேல் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அது 39 இரவு.

காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அவ்ளோவா ஆச்சு?” என்று வியந்தார். என் நெஞ்சைத் தைத்தது அந்தக் கேள்விதான். உழைத்தவருக்கே தம் உழைப்பின் அளவு தெரியவில்லை! பிறர் ‘சும்மா’ என்று சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பிவிட்டார்.

நண்பர்களே, இதே கைவேலையை அளந்து பார்த்த ஒரு நாளும் நம் சென்னையில் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவின் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தபடி பின்னிய போர்வைகளை ஒன்றாக இணைத்தார்கள். 2016 ஜனவரி 31 அன்று அது 11,148.5 சதுர மீட்டர் என அளக்கப்பட்டு, உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வையாகக் கின்னஸ் சாதனை ஆயிற்று. இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை! என் அம்மாவின் போர்வை ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அவர்கள் போட்ட பின்னல் வேறு. ஆயினும் அம்மாவின் வேகத்தில் கணக்கிட்டால் அந்த இரண்டே முக்கால் ஏக்கருக்கு நான்கு லட்சம் மணி நேரத்துக்குமேல் ஆகும். அளந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. அளக்காத வீடுகளிலும் அதே விரல்கள்தாமே அசைகின்றன?

‘சும்மா’ என்ற சொல் வீட்டுக்குள் மனத்தாங்கலோடு நின்றுவிடும். சந்தைக்குப் போனால் அதுவே சுரண்டலுக்குச் சாக்காகிவிடும். ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபூர் குரோஷே லேஸுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான உண்மையைக் காட்டினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் லேஸைப் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றார்கள். ஓய்வு நேர வேலைக்குக் கூலி எதற்குக் கூடுதலாக? இலாபம் வணிகருக்கு, கண்வலி பின்னியவருக்கு!

இதற்கு நேர்மாறான காட்சி நம் நாகர்கோயிலில் உண்டு. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அது குரோஷே அன்று; தலையணைமேல் வைத்துப் பின்னும் வேறு வகை. அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டதாக மிஷன் வரலாறு சொல்கிறது. நூல் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். எண்ணிக் கூலி கொடுத்த இடத்தில் அது விலங்கை அறுத்தது. எண்ணாத இடத்தில் அதுவே விலங்காயிற்று.

“இதில் அறிவுக்கு என்ன வேலை? வெறும் கைப்பழக்கம்தானே?” என்று அறிவியல் மாணவர் சிலர் கேட்கலாம். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணித அறிஞர், அதிபரவளையத் தளத்தை மாணவருக்குக் காட்ட வழி தேடினார். கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பைப் போல, விளிம்பை நோக்கிப் போகப்போகப் பெருகிச் சுருளும் பரப்பு அது. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்தன. அவர் குரோஷே ஊசியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு என்ற ஒரே விதியில் அந்தத் தளம் கைக்குள் வந்து நின்றது. என் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் பட்டைக்கு எத்தனை வளையம், மூலையில் எத்தனை கண்ணி கூட்டினால் கரை சுருளாது என்பதைத் தாளில் எழுதாமலே கணக்கிடுகிறார். அதற்கு அறிவு என்று பெயர் சூட்ட நமக்கு ஏன் மனம் வரவில்லை?

ஒரு மறுப்பு வரும். அது நியாயமான மறுப்பே. “அன்பளிப்புக்கு விலை போடலாமா? தாயின் பாசத்தை மணிக்கணக்கில் அளக்கலாமா?” என்பார்கள். நான் விலை போடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். எத்தனை இரவு அதில் அடங்கியிருக்கிறது என்று தெரிந்து வாங்கும்போதுதான் நமக்குப் பரிசின் பெருமை விளங்கும். தெரியாமல் வாங்கினால் கொடுத்தவரைப் போற்றியவராக மாட்டோம், பயன்படுத்திக்கொண்டவராகவே ஆவோம். பாசம் என்ற சொல்லைக் காட்டிக் கணக்கை மறைப்பது, கணக்குக் கேட்கத் தெரியாதவருக்கு நாம் செய்யும் அநீதி.

அந்த அநீதியை நானும் செய்தேன். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற தகுதியோடு இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். புடவைக்கு ஃபால்ஸ் தைத்தும், ரவிக்கைக்குக் கொக்கி வைத்தும், ஒயர் கூடை பின்னியும் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தவருக்குத் தொழில் ‘இல்லை’யாம்! மொய் நோட்டில் கோடு போட்டவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். நம் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடவில்லை. ‘உரிமைத்தொகை’ என்றே பெயரிட்டார்கள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் ஒரு நீதி இருக்கிறது. அரசு ஏட்டில் மாறிய சொல் நம் வீட்டு ஏட்டில் மாற வேண்டாமா?

எனவே நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள். படிவத்தில் தாயின் தொழிலை எழுதுமுன் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வீட்டில் செய்த பரிசைக் கொடுக்கும்போது செய்தவர் பெயரையும், அதற்குச் சென்ற நேரத்தையும் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஆண்பிள்ளை என்று கூச்சப்படாமல் ஒரு மணி நேரம் அந்த ஊசியைப் பிடித்துப் பாருங்கள். நான் பிடித்தேன். என் முதல் பட்டை வாழைப்பழத் தோல்போல் வளைந்துபோயிற்று. அம்மா சிரித்துக்கொண்டே பிரித்துக் கையில் கொடுத்தார்.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் அதே இடம் மறுபடி வந்தது. ‘தையல், பின்னல்’ என்று எழுதினேன். எழுதியவை இரண்டே சொற்கள். எழுத எனக்கு இருபது ஆண்டு ஆகியிருக்கிறது.