பையன் ட்ரக்கை உயர்த்தணும்னு சொல்றானா?

வட கரோலினாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையனுக்கு 18 வயது. பார்ட் டைம் வேலையில் சேர்த்த பணத்தில் பழைய டொயோட்டா டகோமா ஒன்று வாங்கியிருக்கிறான். இப்போது அதை ‘லிஃப்ட்’ பண்ண வேண்டுமாம். ஆன்லைனில் கிட் பார்த்து வைத்தாயிற்று. வருகிற சனிக்கிழமை நண்பனோடு சேர்ந்து டிரைவ்வேயிலேயே மாட்டிவிடலாம் என்கிறான். “வேண்டாம்னா கேக்க மாட்டான். சரின்னு சொல்லவும் பயமா இருக்கு. என்ன பண்றது அண்ணா?”

நம்மில் நிறைய பேருக்கு இது புது விஷயம். நம் அப்பாமார் கேம்ரி, கொரோலாவோடு திருப்தியாக இருந்தவர்கள். வண்டிக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும் என்று வளர்த்தார்கள். நம் பிள்ளைகளோ பள்ளிக்கூட பார்க்கிங்கில் பாதி வண்டி ட்ரக்காக இருக்கும் ஊரில் வளர்கிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. அதனால் ‘வேண்டாம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு உயரம்? எந்த வகை? யார் கையால்?

எவ்வளவு உயரம்?

உயரம் கூடினால் வண்டியின் கனம் தாங்கும் மையமும் மேலே போகும். வண்டி எவ்வளவு சுலபமாகக் கவிழும் என்பதை அளக்க அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. இடது, வலது டயர்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய கவிழும் ஆபத்து அதிகம். உதாரணத்துக்கு, அகலம் 63 இன்ச், மைய உயரம் 26 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். விடை 1.21. மையம் 3 இன்ச் மேலே போனால் விடை 1.09 ஆகிவிடும். நேரான சாலையில் வித்தியாசமே தெரியாது. ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில், மான் குறுக்கே ஓடும்போது ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினால், அப்போதுதான் தெரியும். 18 வயதுப் பையன் அந்த வளைவில் எவ்வளவு வேகத்தில் போவான் என்பது உங்களுக்கே தெரியும்.

வழக்கமான ஓட்டத்துக்கும், எப்போதாவது கேம்பிங், மண் சாலை என்று போவதற்கும் 2 இன்ச் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் செலவும் கூடும், மாற்ற வேண்டிய பாகங்களும் கூடும்.

எந்த வகை?

இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். மலிவான கிட் என்பது பெரும்பாலும் ஸ்பேசர், அதாவது முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஒரு உலோகக் கட்டை. அதன் கணக்கும் விசித்திரமானது. ஸ்ட்ரட், சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்ளே தள்ளி நிற்பதால், 1 இன்ச் கட்டை வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 இன்ச் உயரம் கிடைக்கும். ‘2 இன்ச் வேணும், 2 இன்ச் கட்டை வாங்குவோம்’ என்று நினைத்தால் 4 இன்ச் ஏறி, பால் ஜாயின்ட்டும் ஆக்ஸில் மூட்டுகளும் எல்லைக்கு மேல் வளைந்து நிற்கும்.

நல்ல வழி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த புது காயில்ஓவர் செட். விலை ஸ்பேசரைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த உயரத்துக்கென்றே வடிவமைத்தது. 2 இன்ச்சைத் தாண்டினால் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றச் சொல்வார்கள். பழைய ஆர்மை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் சரியாக வராது, ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வண்டி அலையும்.

பின்பக்கம் டகோமாவுக்கு லீஃப் ஸ்பிரிங். அங்கே கூடுதல் பட்டை சேர்க்கலாம், அல்லது முழு செட்டையும் மாற்றலாம். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரே ஒரு கட்டை வைப்பதும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கவே கூடாது. கழற்றிய யூ-போல்ட்டை மறுபடி மாட்டவும் கூடாது. ஒரு முறை முறுக்கி இழுபட்ட போல்ட் அது, புதுசுதான் போட வேண்டும்.

பெரிய டயர் வேண்டும் என்பான். கம்பெனி போட்ட 265/65 ஆர் 17 டயரை எடுத்துவிட்டு 285/70 ஆர் 17 போட்டால், விட்டம் 30.6 இன்ச்சிலிருந்து 32.7 ஆகும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையில் 64-ல் போய்க்கொண்டிருப்பான். டயர் திரும்பும்போது உள்ளே உரசவும் செய்யும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

யார் கையால்?

டிரைவ்வே விஷயத்துக்கு வருவோம். இதில் உயிர் போகும் இடங்கள் இரண்டு.

ஒன்று, ஸ்பிரிங். ஸ்ட்ரட்டுக்குள் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைந்து கிடக்கிறது. ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தெரியாமல் கழற்றினால் அது வெடித்ததுபோல் பாயும். கடையில் இரவல் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பிரஸர் நழுவினாலும் இதே கதி. ஸ்பிரிங்கைப் பிரித்துச் செய்யும் வேலை எதுவும் வீட்டில் வேண்டாம். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் கோத்து முழுசாக வரும் செட்டை வாங்கினால் இந்த ஆபத்தே இல்லை. இல்லையென்றால் அந்த ஒரு வேலையையாவது கடையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு, ஜாக். ஜாக் வண்டியைத் தூக்கத்தான், தாங்க அல்ல. சமமான கான்கிரீட் தரை, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ட்ரக்கின் எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, அவை ஃபிரேமுக்கு அடியில். இவ்வளவும் இல்லாமல் யாரும் வண்டிக்குக் கீழே கையைக்கூட நீட்டக் கூடாது. கான்கிரீட் பிளாக்கின் மேல் நிறுத்துவதை எங்கே பார்த்தாலும் தடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும் அது. சரிவான டிரைவ்வே என்றால் அங்கே இந்த வேலையே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, கூடவே அனுபவமுள்ள ஒரு பெரியவரும் டார்க் ரெஞ்சும் இருந்தால் முழு செட்டை வீட்டிலேயே மாட்டலாம். ஒரு நுணுக்கம்: கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ‘இதை எப்படிப்பா முறுக்குவே?’ என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் வந்தால், படித்துவிட்டுத்தான் இறங்குகிறான் என்று அர்த்தம்.

மாட்டியாச்சு, அப்புறம்?

அன்றைக்கே நண்பர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப விடாதீர்கள். முதலில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து நேராக அலைன்மென்ட். ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்ய வேண்டும். முன்பக்கம் உயர்ந்ததும் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். தானாகப் பிரேக் போடும் வசதியுள்ள வண்டியென்றால் கேமரா, ரேடாரை மறுபடி அளவீடு செய்ய வேண்டுமா என்று டீலரிடம் கேளுங்கள். 50 முதல் 100 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். 500 மைலில் சஸ்பென்ஷன் போல்ட்டுகள், யூ-போல்ட்டுகள் எல்லாவற்றையும்.

சட்டமும் காகிதமும்

வட கரோலினாவில், முன் அனுமதி இல்லாமல் கம்பெனி உயரத்திலிருந்து 6 இன்ச்சுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. மூக்கைத் தூக்கி வாலை இறக்கும் ‘கரோலினா ஸ்குவாட்’ ஸ்டைலுக்கு 2021 டிசம்பர் முதல் அங்கே தடை. முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் குற்றம். வர்ஜீனியா 2022-லும் தென் கரோலினா 2023-லும் இதே வழியில் தடை போட்டன. மற்ற மாநிலம், மற்ற நாடு என்றால் விதியும் வேறு. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள், எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும் என்று மாநில விதியைப் பார்த்துவிட்டு கிட் வாங்குங்கள்.

வாரன்டி பற்றி ஒரு பயம் உண்டு. லிஃப்ட் செய்ததாலேயே முழு வாரன்டியும் போய்விடாது. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, அந்த மாற்றத்தால்தான் பாகம் கெட்டது என்று கம்பெனி காட்ட வேண்டும். ஆனால் உயர்த்திய வண்டியில் ஆக்ஸில் மூட்டு போனால் அதைக் காட்டுவது சுலபம். இன்ஷூரன்ஸுக்கும் கட்டாயம் தெரிவியுங்கள். வண்டி உங்கள் பாலிசியில்தானே இருக்கிறது?

மூக்குக்கு முன்னால்

கடைசியாக, பையன் யோசிக்கவே மாட்டான், நாம்தான் யோசிக்க வேண்டும். உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படாது. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முகப்பு 40 இன்ச்சுக்கு மேல் இருக்கும் வண்டிகள் பாதசாரிமேல் மோதினால், 30 இன்ச்சுக்கு உட்பட்ட சரிவான முகப்புள்ள வண்டிகளைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் பார்க்கிங் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பையைத் தூக்கிக்கொண்டு குட்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடம் அது.

அதனால் கிட் ஆர்டர் பண்ணும் முன் பையனோடு ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று வயதுக் குழந்தை உயரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியை வண்டிக்கு முன்னால் வையுங்கள். அவனை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லி, பெட்டியின் தலை அவன் கண்ணில் படும்வரை நகர்த்திக்கொண்டே போங்கள். தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லிஃப்ட் செய்த பிறகு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தை அவனே டேப் வைத்து அளக்கட்டும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் இனி அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டும் பையனுக்கு 2 இன்ச் உயரம் தரலாம்.