மேலே அழைக்கும் நாளை ஆட்டமே சொல்லட்டும்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மன்ஃப்ரெட் அவர்களுக்கும், முப்பது அணிகளின் உரிமையாளர்கள், பொது மேலாளர்களுக்கும், வீரர்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,



2022-இல் நீங்கள் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பள உச்சவரம்பும் ஒளிபரப்பு வருமானமும்தான் பெரிதாக ஒலிக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப் போகக் கூடாது என்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். மைனர் லீக்கில் ஆடும் ஓர் இளைஞன் மேலே வரவேண்டிய நாளை யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக ஏணியின் படிகளைச் சொல்லிவிடுகிறேன். டொமினிகன் குடியரசிலும் புளோரிடா, அரிசோனாவிலும் பயிற்சி வளாக லீக்குகள். அதற்கு மேல் லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. உச்சியில் மேஜர் லீக். கீழ்ப்படிகளில் பிட்சர்களிடம் வேகம் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. டபுள்-ஏவுக்கு வந்தால், பேட்டர் வேகப் பந்தை எதிர்பார்க்கும் நேரத்திலும் வளைபந்தை நம்பி வீசுகிறார்கள். டிரிபிள்-ஏவில் மேஜர் லீக்கில் ஆடித் தேறியவர்களே எதிரில் நிற்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஒரு புதுப் பாடம்.

எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பதற்கு ஒரே விடை இல்லை. ஹுவான் சோட்டோ 2018-இல் லோ-ஏவில் தொடங்கினார். டபுள்-ஏவில் எட்டே ஆட்டங்கள் ஆடிவிட்டு, மே 20 அன்று, 19 வயதில் வாஷிங்டன் அணிக்கு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆரன் ஜட்ஜ் 24 வயதில்தான் வந்தார். 2016-இன் அந்த முதல் சில வாரங்களில் 84 முறை மட்டை பிடித்து 42 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மறுவருடம் 52 ஹோம் ரன் அடித்து, ஒரு வாக்குகூட சிதறாமல் சிறந்த புதுமுக வீரர் ஆனார். சோட்டோவை ஐந்து வருடம் காக்க வைத்திருந்தால் அநியாயம். ஜட்ஜை 19 வயதில் தள்ளிவிட்டிருந்தாலும் அநியாயம். அதனால் நான் வேகத்துக்காகவோ நிதானத்துக்காகவோ வாதாட வரவில்லை. அந்த நாளைத் தீர்மானிப்பது வீரனின் தயார்நிலை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். வேறு கணக்கு உள்ளே நுழைந்த இடங்களில் எல்லாம் விலை கொடுத்தவன் வீரன்தான்.

அவசரத்தின் கணக்கை டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் வரலாறு சொல்லும். 1973-இல், புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் தேர்வாக வந்தவர் ஹூஸ்டன் பள்ளி மாணவர் டேவிட் கிளைட், வயது 18. மைதானத்துக்குக் கூட்டம் வராத வருடம். உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்கு டிக்கெட் விற்க ஆள் வேண்டியிருந்தது. மைனர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல், ஜூன் 27 அன்று கிளைட் மேஜர் லீக் மேட்டில் ஏறினார். அரங்கம் நிரம்பியது, அணியும் ஜெயித்தது. ஆனால் அந்த ஐந்து இன்னிங்ஸில் ஏழு பேரை வாக் கொடுத்து அனுப்பியிருந்தார். கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை என்று சொல்ல அந்த ஓர் எண் போதும். ஓரிரு ஆட்டங்களுக்குப் பிறகு கீழே அனுப்பிப் பக்குவப்படுத்துவதுதான் திட்டம் என்றார்கள். கூட்டம் வந்துகொண்டிருந்ததால் அனுப்பவில்லை. 18 வெற்றி, 33 தோல்வி. 1979-இல், 24 வயதில், அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துவிட்டது.

தாமதத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருடப் பணிக்காலம். அப்படி ஆறு வருடம் நிறைந்தால்தான் வீரன் தனக்குப் பிடித்த அணியோடு பேரம் பேசலாம். சீசனோ ஏறக்குறைய 187 நாள். முதல் இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமாக ஒருவனைக் கீழேயே நிறுத்தி வைத்தால், அணிக்கு ஏழாவது வருடம் ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. பதினாறு நாள் பொறுத்தால் ஒரு வருட உழைப்பு லாபம் என்று விதியே சொல்லும்போது, எந்த மேலாளர்தான் கணக்குப் பார்க்காமல் இருப்பார்?

கிறிஸ் பிரையன்ட் 2014-இல் டபுள்-ஏவிலும் டிரிபிள்-ஏவிலுமாக 43 ஹோம் ரன் அடித்தார். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவர் அடித்த ஒன்பதைவிட அதிகமாக யாரும் அடிக்கவில்லை. சிகாகோ கப்ஸ் அவரை அயோவாவிலுள்ள தன் டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பியது. தடுப்பாட்டம் தேற வேண்டும் என்று காரணம் சொன்னது. ஏப்ரல் 17 அன்று அழைத்துக்கொண்டது. அந்த சீசனின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான். அவர் கணக்கில் சேர்ந்த நாட்கள் 171. ஒரே ஒரு நாள் குறைவு. பிரையன்ட் முறையிட்டார், 2020-இல் நடுவர் தீர்ப்பு அணிக்கே சாதகமாக வந்தது. விதியை யாரும் மீறவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள். அப்படியானால் மாற வேண்டியது விதி.

அடுத்த வருடமே சியாட்டில் அணியின் தலைவர் கெவின் மேதர், இளம் வீரர்கள் எப்போது வருவார்கள் என்பதில் பணிக்காலக் கணக்குக்கு இருக்கும் பங்கை ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினார்; பதவி விலக நேர்ந்தது. அவர் போனார், அந்தக் கணக்கு போகவில்லை.

2022 ஒப்பந்தத்தில் நீங்கள் நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சிறந்த புதுமுக வீரர் தேர்தலில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு, எப்போது வந்திருந்தாலும் முழு வருடப் பணிக்காலம் கிடைக்கிறது. 2024-இல் மே 11 அன்று வந்த பிட்டிஸ்பர்க் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் அப்படித்தான் முழு வருடம் பெற்றார். முன்னணி இளம் வீரரைத் தொடக்கத்திலேயே அழைத்துக்கொள்ளும் அணிக்கு, அவர் விருது வென்றால் கூடுதல் டிராஃப்ட் தேர்வும் உண்டு. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஸ்கீன்ஸ் போன்ற அபூர்வ திறமைகளுக்குத்தான் எட்டுகிறது. விருதுப் பட்டியலில் பெயர் வராத, ஆனால் தயாராகிவிட்ட நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தப் பதினாறு நாள் இன்னும் அணியின் கையில்தான்.

நாற்றங்காலில் வயது தப்பிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. இளசாகப் பிடுங்கினால் வேர் பிடிக்காது. நாற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும், சந்தை விலையைப் பார்த்து அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் மைனர் லீக் இணைப்பு அணிகளை 160-இலிருந்து 120 ஆகக் குறைத்தீர்கள். குறுகிய சீசன் லீக்குகள் போயின. நாற்பது சுற்றாக இருந்த டிராஃப்ட் இருபதாகச் சுருங்கியது. 2024 முதல் ஓர் அணி உள்நாட்டில் வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர்கள் 180-இலிருந்து 165 ஆனார்கள். படி குறைந்தால் தாவும் தூரம் கூடும். மெதுவாக வளர்பவனுக்கு இடம் குறையும். மைக் பியாட்சா 1988-இல் 62-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். மைனர் லீக்கில் ஆடித் தேறி, 1993-இல் சிறந்த புதுமுக வீரராகி, 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இன்றைய டிராஃப்டில் அவர் பெயரை அழைக்க ஒரு சுற்றே இல்லை.

கீழே காத்திருக்கும் நாட்களின் மதிப்பைப் பணத்தில் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். மைனர் லீக் வீரர்களின் முதல் ஒப்பந்தம் 2023-இல் வந்தபோது, டிரிபிள்-ஏ வீரனின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதே வருடம் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 720,000 டாலர். ஒரு தொலைபேசி அழைப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருபது மடங்கு வித்தியாசம். பதினாறு வயதில் கையெழுத்திட்டுவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே மொழி தெரியாத ஊரில் ஆடும் ஒரு டொமினிகன் பையனுக்கு, அந்த அழைப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் அது சிறிய விஷயம் அல்ல.

நான் கேட்பது நான்கு.

முதலாவது, ஒரு வருடப் பணிக்காலத்துக்கான வரம்பை 172 நாளிலிருந்து சீசனின் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கூடுதல் வருடத்துக்காக நல்ல வீரனைப் பாதி சீசன் இழக்க எந்த அணியும் எளிதில் துணியாது. ஆசைக்கு இடம் கொடுக்கும் விதியை மாற்றினால், மனிதர்களின் நேர்மையைத் தனியே சோதிக்க வேண்டிய தேவை வராது.

இரண்டாவது, ஒவ்வொரு வீரனுக்கும் சீசன் தொடங்கும்போதே, அடுத்த படிக்குப் போக அவன் எதைக் காட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஸ்பானிஷ் பேசுபவனுக்கு ஸ்பானிஷில் கொடுங்கள். அதை எழுதுவதும் மதிப்பிடுவதும் பயிற்சியாளர்களாக இருக்கட்டும்.

மூன்றாவது, கீழே அனுப்புவதைத் தண்டனையாக்காதீர்கள். ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் 34 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட் அடித்தார். பால்டிமோர் பத்து ஆட்டங்களோடு திருப்பி அனுப்பியது. ஜூலை இறுதியில் மறுபடி அழைத்தது. அழைப்பு தவறிப்போனாலும் திருத்திக்கொள்ளலாம். ராய் ஹாலடே 2000-இல் 10.64 என்ற படுமோசமான ஈஆர்ஏவோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி) நின்றார். டொராண்டோ அவரை டுனிடினுக்கு, ஹை-ஏவுக்கே இறக்கியது. ஆனால் தனியே விடவில்லை. மெல் க்வீன் என்ற பயிற்சியாளரோடு அவர் பந்து வீசும் முறையையே புதிதாகக் கட்டினார். 2003-லும் 2010-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, பிறகு ஹால் ஆஃப் ஃபேம். கீழே அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு திட்டத்தையும் ஓர் ஆசிரியரையும் அனுப்ப வேண்டும்.

நான்காவது, 165 என்ற வரம்பை மறுபடியும் 180 ஆக்குங்கள். முப்பது அணிகளின் வரவுசெலவில் அது பெரிய தொகை அல்ல.

வீரர்கள் சங்கத்துக்கும் ஒரு சொல். 2022 முதல் மைனர் லீக் வீரர்களும் உங்கள் உறுப்பினர்கள். பேச்சு மேசையில் நட்சத்திரங்களின் ஒப்பந்தத் தொகைக்காக முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது இவர்களுடைய நாட்களாக இருக்கக் கூடாது.

மைனர் லீக் மைதானங்களில் டிக்கெட் வாங்கி உட்காரும் ரசிகனுக்கு, பிடித்த பையன் ஒருநாள் மேலே போய்விடுவான் என்பது தெரியும். அவன் போவதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. தயாரானதால் போனான் என்று நம்ப முடிகிற வரை அந்த மகிழ்ச்சி முழுமையாக இருக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் விதியை எழுதும் பேனா இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எழுதுங்கள்.

இப்படிக்கு,
மைனர் லீக் ஆட்டங்களை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்